மணி அடித்த பின்னும் வரி முடியட்டும்

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவியர்)

பள்ளியில் கடைசி மணி அடிக்கிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் நாம் அப்போது என்ன செய்கிறோம்? சொல்லின் நடுவில் பேனாவை எறிந்துவிட்டு எழுந்து ஓடுவதில்லை. தொடங்கிய வரியை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, நோட்டை மூடிப் பையில் வைத்த பிறகே எழுகிறோம். மணியைக் காதில் வாங்குவது ஒரு நொடிச் செயல். அதற்குக் கீழ்ப்படிவதோ சற்று நேரம் பிடிக்கும் ஒழுங்கான செயல். இரண்டுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு இடைவெளியை நல்லபடி பயன்படுத்தத் தெரிந்தவளே பொறுப்பான மாணவி.

கணிப்பொறியில் ஓடும் நிரல்களுக்கும் இவ்வாறு மணி அடிக்கப்படுகிறது என்பதை நம்மில் பலர் அறியோம். அந்த மணிக்குச் சமிக்ஞை என்று பெயர்; சிக்னல் என்றும் சொல்வர். நிரல் அதை எப்படிக் கேட்க வேண்டும், கேட்டபின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இந்தப் பாடத்தை நாங்கள் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. ஒரு தவறு செய்து கற்றோம். ஆகவே அந்தத் தவறை முதலில் சொல்லிவிடுவதே முறை.

எங்கள் தவறு

எங்கள் பள்ளி நூலகத்தின் வழங்கல் பதிவேட்டைக் கணிப்பொறியில் வைப்பதற்காக, எங்கள் பிரிவு மாணவியர் ஒரு சிறு நிரலைப் பைத்தான் மொழியில் எழுதினோம். நூலகத்தில் ஒரு மேசையில் புத்தகம் வழங்குவார்கள். மற்றொரு மேசையில் திரும்பப் பெறுவார்கள். இரண்டு மேசைகளிலிருந்தும் வரும் விவரங்களை எங்கள் நிரல் ஏற்றுக்கொள்ளும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவேடு முழுவதையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். எழுதும் நேரத்தில் மேசைகள் காத்திருக்கக் கூடாது என்பதற்காக, சில வரிகள் எழுதியதும் சற்று நிறுத்தி, மேசைகளைக் கவனித்து, மீண்டும் எழுதத் தொடங்கும்படி அதை அமைத்திருந்தோம். நன்றாகவே நடந்து வந்தது. எங்களுக்கும் சிறிது பெருமைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடைசி மணி அடித்தது. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணிப்பொறியை அணைக்கும்படி கட்டளை கொடுத்துவிட்டு ஓடினோம். திங்கட்கிழமை காலையில் திறந்து பார்த்தால் பதிவேடு பாதிதான் இருந்தது. கடைசி வரி ஒரு புத்தகத்தின் பெயருக்கு நடுவிலேயே அறுந்து நின்றது.

நூலகச் சிஸ்டர் முந்தின வாரத்துப் பிரதியைக் கொண்டு பதிவேட்டைச் சரிசெய்தார்கள். அந்தப் பிரதியின்படி, வெள்ளிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி இன்னும் கொடுக்காதவளாக இருந்தாள். வகுப்பில் அவள் பெயர் வாசிக்கப்பட்டது. "கொடுத்துவிட்டேன், சிஸ்டர்" என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். பதிவேட்டில் இல்லையே என்றோம் நாங்கள். மூன்றாம் நாள் அந்தப் புத்தகம் அலமாரியில், தன் இடத்திலேயே இருக்கக் கண்டோம். பொய் சொன்னது அந்தக் குழந்தை அல்ல, எங்கள் நிரல்.

நிரலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தோம். கணக்கில் பிழை இல்லை. எழுத்தில் பிழை இல்லை. மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சமிக்ஞை என்பது என்ன?

1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். இயக்க முறைமை என்பது கணிப்பொறியின் எல்லா நிரல்களையும் மேற்பார்வையிடும் தலைமை நிரல். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் யூனிக்ஸின் வழியைப் பின்பற்றியதே. எங்கள் கணிப்பொறி அறையில் இருப்பது லினக்ஸ்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு இயக்க முறைமை அனுப்பும் மிகச் சிறிய செய்தியே சமிக்ஞை. அதில் விளக்கம் இராது. பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே இருக்கும். ஒரு மணி என்றால் பாடவேளை மாற்றம், நீண்ட மணி என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று நாம் அறிந்திருப்பதுபோல, எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது முன்பே வகுக்கப்பட்டுள்ளது. முக்கியமான நான்கை மட்டும் இங்கே தருகிறோம்.

எண் 1, சிக்ஹப். முற்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியோடு தொடர்புகொண்டவர்கள் தொடர்பைத் துண்டித்தால் இது அனுப்பப்பட்டது. இன்று நிரல் ஓடும் முனையச் சாளரத்தை மூடினாலும் இதுவே வரும்.

எண் 2, சிக்இன்ட். விசைப்பலகையில் கண்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தினால் வருவது. "போதும், நிறுத்து" என்று பொருள்.

எண் 15, சிக்டெர்ம். "உன் வேலையை முடித்துக்கொண்டு புறப்படு" என்னும் மரியாதையான வேண்டுகோள். கணிப்பொறியை அணைக்கும்போது நிரல்களுக்கு இது அனுப்பப்படுகிறது.

எண் 9, சிக்கில். இது வேண்டுகோள் அன்று. நிரலைக் கேட்காமலேயே இயக்க முறைமை அதை முடித்துவிடும்.

சமிக்ஞை வந்தால் நிரலுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்றும் ஏற்பாடு செய்யாமல் விட்டால், வழக்கமான முடிவு தானாக நேரும். மேலே சொன்ன நான்கிற்கும் அம்முடிவு நிரலின் இறப்பே. இரண்டாவது, அதைப் பொருட்படுத்தாமல் இருப்பது. மூன்றாவது, அது வந்தால் இதைச் செய் என்று ஒரு சிறு பகுதியை முன்கூட்டியே எழுதி வைப்பது. அப்பகுதியைக் கையாளி என்று அழைப்போம். சிக்கில், சிக்ஸ்டாப் என்னும் இரண்டுக்கு மட்டும் கையாளி வைக்கவும் முடியாது. அவற்றைப் பொருட்படுத்தாமல் விடவும் முடியாது.

பைத்தான் மொழியில் ஒரு நுட்பம் உண்டு. சிக்இன்ட் வந்தால் அம்மொழி தானாகவே ஒரு விதிவிலக்கை எழுப்பும். ஆதலால் நிரல் ஓரளவு ஒழுங்காக முடிய வாய்ப்புண்டு. சிக்டெர்முக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. நாம் ஒன்றும் செய்யாமல் விட்டால் நிரல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். "எப்படியானாலும் இதைச் செய்துவிட்டுப் போ" என்று நிரலின் கடைசியில் எழுதி வைத்த வரிகள்கூட நடைபெறா. கோப்பில் எழுதிவிட்டதாக நாம் நினைத்த வரிகளில் சில இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கும். அவையும் மறைந்து போகும். எங்கள் பதிவேட்டிற்கு நேர்ந்தது இதுவே.

பல அடுப்பு, ஒரே கை

இனி, எங்கள் நிரல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதனை ஒத்தியங்கா நிரல் என்பர். பெயர் கடினமாக இருந்தாலும் பொருள் நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது.

காலையில் அம்மா சமைப்பதைப் பாருங்கள். அரிசியை உலையில் இட்டுவிட்டு, அது வேகும்வரை அடுப்பின் முன் நின்றுகொண்டே இருப்பதில்லை. அதற்குள் பருப்பைக் குக்கரில் ஏற்றுகிறார்கள். குக்கர் விசில் வருவதற்குள் காய் நறுக்குகிறார்கள். பால் பொங்கினால் இறக்குகிறார்கள். ஒரு நேரத்தில் கை ஒரு வேலையைத்தான் செய்கிறது. ஆனால் காத்திருக்கும் நேரம் எதுவும் வீணாவதில்லை. அடுத்து எது தயார் என்று பார்த்துப் பார்த்துக் கை அங்கே செல்கிறது.

ஒத்தியங்கா நிரலும் இப்படியே. "எது தயார்?" என்று கேட்டுக்கொண்டே சுற்றும் ஒரு சுழற்சி அதன் நடுவில் உண்டு. அதற்கு நிகழ்வுச் சுழற்சி என்று பெயர். வழங்கும் மேசையிலிருந்து செய்தி வந்தால் அதைக் கவனிக்கும். பிறகு பெறும் மேசையைக் கவனிக்கும். பிறகு கோப்பில் சில வரிகள் எழுதும். ஒன்றும் இல்லையென்றால் ஏதாவது வரும்வரை உறங்கும். பைத்தான் மொழியில் இதற்கென ஆசிங்க்ஐஓ என்னும் தொகுப்பு 2014 இல் வெளிவந்த 3.4 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

இதில் ஓர் எச்சரிக்கை. ஒரு வேலை இடைவிடாமல் நெடுநேரம் கையைப் பிடித்துக்கொண்டால் மற்ற அடுப்புகள் எல்லாம் கருகும். நீண்ட கணக்கு ஒன்றை நடுவில் நிறுத்தாமல் செய்யும் நிரல், மணி அடித்தாலும் உடனே கவனிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வேலையும் இடையிடையே கையை விட்டுக்கொடுக்கும்படி எழுதப்பட வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன தொல்லை?

அடுப்பு வேலைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு வேலை தானாகக் கையை விட்ட பிறகே அடுத்த வேலை கையைப் பெறும். சமிக்ஞைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை இரு கையிலும் பிடித்து இறக்கும்போதும் வாசலில் அழைப்பு மணி அடிக்கலாம் அல்லவா? அப்போது சட்டியைக் கைவிட்டுவிட்டுக் கதவைத் திறக்க ஓடினால் என்ன ஆகும்?

சமிக்ஞையின் கையாளி, இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் எங்கு வேண்டுமானாலும் குறுக்கிடக் கூடியது. இதனால் வரும் ஆபத்தை இன்னோர் எடுத்துக்காட்டால் விளக்குகிறோம். விடுதியின் சாமான் அறைக்கு ஒரே சாவிதான். ஒருத்தி அறையைத் திறந்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பாதி எண்ணும்போது அவளை அப்படியே அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, வேறொருத்தியை அனுப்பி அதே அறையிலிருந்து எண்ணெய் எடுத்து வரச் சொல்கிறோம். இரண்டாமவள் சாவிக்காகக் காத்திருக்கிறாள். முதலாமவளோ, இரண்டாமவள் வேலை முடிந்தால்தான் அசைய முடியும். இருவரும் என்றென்றும் நிற்க வேண்டியதுதான்.

சி மொழியில் நினைவகத்தில் இடம் கேட்கும் மாலாக், திரையில் எழுதும் பிரின்ட்எஃப் ஆகிய செயற்கூறுகள் இத்தகைய சாவியைக் கையில் வைத்திருக்கக் கூடியவை. நிரல் அவற்றின் நடுவில் இருக்கும்போது சமிக்ஞை வந்து, கையாளியும் அவற்றையே அழைத்தால், நிரல் அசைவற்று நின்றுவிடலாம். அல்லது கணக்கு குழம்பிவிடலாம். இதனால்தான் போசிக்ஸ் என்னும் பொதுத் தரவிதி, கையாளிக்குள் அச்சமின்றி அழைக்கத்தக்க செயற்கூறுகளைப் பட்டியலிட்டுத் தந்துள்ளது. அப்பட்டியலில் மாலாக்கும் இல்லை, பிரின்ட்எஃபும் இல்லை. நேரடியாக எழுதும் ரைட் என்னும் கூறு உண்டு.

பழைய யூனிக்ஸில் இதற்கு மேலும் ஒரு குறை இருந்தது. சமிக்ஞை ஒருமுறை வந்து கையாளி ஓடத் தொடங்கியதும், அந்த ஏற்பாடு தானாக நீங்கிவிடும். அதை மீண்டும் அமைப்பதற்குள் அடுத்த சமிக்ஞை வந்தால் நிரல் இறந்துவிடும். 1983 இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி முறைமை இக்குறையை நீக்கியது. 1988 இன் போசிக்ஸ் தரவிதி அதனை எல்லோருக்கும் பொதுவாக்கியது.

குறித்துக்கொள், பிறகு செய்

இத்தனை ஆபத்துக்கும் அனுபவசாலிகள் கண்ட மருந்து ஒன்றே. கையாளிக்குள் வேலை செய்யாதே. மணி அடித்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு உடனே திரும்பு. குறித்ததை நிகழ்வுச் சுழற்சி தன் முறை வரும்போது பார்த்து, வேலையைச் செய்யட்டும்.

எளிய வழி, ஒரு கொடியை உயர்த்துவது. அதாவது 0 என்றிருந்த ஓர் எண்ணை 1 என்று மாற்றி வைப்பது. சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் கொடியைப் பார்க்கும். ஆனால் இதில் ஒரு மெல்லிய ஓட்டை இருக்கிறது. சுழற்சி கொடியைப் பார்க்கிறது, உயரவில்லை. சரி, உறங்கலாம் என்று முடிவு செய்கிறது. முடிவு செய்ததற்கும் உறங்குவதற்கும் நடுவே சமிக்ஞை வந்து கொடி உயர்கிறது. சுழற்சியோ உறங்கிவிட்டது. யாராவது மேசைக்கு வந்து எழுப்பும்வரை கொடியை அது காணாது.

இந்த ஓட்டையை அடைக்க டேனியல் பெர்ன்ஸ்டைன் என்பவரின் பெயரோடு வழங்கும் ஓர் அழகிய முறை உண்டு. நிரல் தனக்குத்தானே ஒரு குழாய் அமைத்துக்கொள்ளும். கையாளி அந்தக் குழாயின் ஒரு முனையில் ஒரே ஒரு பைட்டை இடும். மறு முனையைச் சுழற்சி மற்ற மேசைகளோடு சேர்த்து ஒரு மேசையாகக் கவனிக்கும். இட்ட பைட் குழாயிலேயே இருப்பதால் சுழற்சி உறங்க முயன்றாலும் உறங்க இயலாது; "இங்கே ஒன்று தயார்" என்று எழுந்துவிடும். திடீரென்று குறுக்கிட்ட சமிக்ஞை இப்போது வரிசையில் நிற்கும் சாதாரணச் செய்தியாகிவிட்டது. பிற்காலத்தில், 2007 இல், லினக்ஸின் 2.6.22 ஆம் பதிப்பு சிக்னல்எஃப்டி என்னும் வசதியைத் தந்தது. அதனால் சமிக்ஞையையே ஒரு கோப்பைப் போலப் படிக்க முடிகிறது.

பைத்தானின் ஆசிங்க்ஐஓ இந்தக் குழாய் முறையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆட் சிக்னல் ஹேண்ட்லர் என்னும் கட்டளையால் நாம் ஒரு கையாளியைப் பதிவு செய்தால் போதும். யூனிக்ஸ் வழி வந்த முறைமைகளில் மட்டுமே இக்கட்டளை கிடைக்கும், விண்டோசில் இல்லை. அது அழைக்கும் பகுதி சுழற்சியின் முறைப்படி, இரண்டு வேலைகளுக்கு நடுவில் ஓடுவதால் அதற்குள் எதையும் அச்சமின்றிச் செய்யலாம். 2022 இல் வெளிவந்த பைத்தான் 3.11 முதல், சிக்இன்ட் வந்தால் நிரலின் முதன்மை வேலையை முறைப்படி ரத்து செய்யும் ஏற்பாடும் உண்டு. சிக்டெர்முக்கோ இன்றும் நாமே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்னும் ஒன்றை மறக்கலாகாது. சாதாரணச் சமிக்ஞைகள் எண்ணப்படுவதில்லை. முதல் மணியை நிரல் கேட்பதற்குள் அதே மணி மூன்று முறை அடித்தாலும் அது ஒரு மணியாகவே கேட்கும். ஆகவே எத்தனை முறை வந்தது என்று கணக்கிட்டு எதையும் செய்யக் கூடாது. மணி கேட்டால், செய்ய வேண்டிய வேலை எவ்வளவு மிச்சம் என்று நேரில் பார்த்து அவ்வளவையும் செய்ய வேண்டும்.

எங்கள் நிரலைத் திருத்திய விதம்

இவற்றையெல்லாம் கற்றபின் எங்கள் நிரலை ஐந்து படிகளில் திருத்தினோம். நிரல் எழுதும் தங்கையர்க்குப் பயன்படும் என்பதால் வரிசையாகத் தருகிறோம்.

முதற்படி: சிக்ஹப், சிக்இன்ட், சிக்டெர்ம் மூன்றிற்கும் ஆசிங்க்ஐஓ வழியாக ஒரே கையாளியைப் பதிவு செய்தோம். அது செய்வது ஒன்றே: "புறப்படும் நேரம்" என்னும் கொடியை உயர்த்துவது. நிரலின் முதன்மை வேலை அந்தக் கொடிக்காகக் காத்திருக்கும்.

இரண்டாம் படி: கொடி உயர்ந்ததும் புதிய வேலையை ஏற்பதை நிறுத்துகிறோம். நூலகக் கதவைச் சாத்திய பிறகு உள்ளே இருப்பவர்களை மட்டும் கவனிப்பது போன்றது இது. மேசையில் புதிதாக வருபவர்களுக்கு "பதிவு முடிந்தது" என்ற செய்தி காட்டப்படும். ஏற்றுக்கொண்டதுபோல் பாவனை செய்துவிட்டுக் கைவிடுவதைவிட இது நேர்மையானது.

மூன்றாம் படி: கையிலிருக்கும் வேலைகள் முடிய ஐந்து வினாடி தருகிறோம். அதற்குள் முடியாதவற்றை ரத்து செய்கிறோம். ஆசிங்க்ஐஓவில் ரத்து என்பது கொலை அன்று. அந்த வேலை அடுத்துக் கையை விட்டுக்கொடுக்கும் இடத்தில் ஒரு விதிவிலக்கு எழும். வேலை அதைக் கேட்டு, திறந்த கோப்பை மூடி, ஒழுங்காக விலகலாம். அந்த விதிவிலக்கை விழுங்கிவிட்டு ஒன்றும் நடவாததுபோல் தொடரக் கூடாது என்பதை நாங்கள் ஒருமுறை தவறு செய்தே அறிந்தோம். அன்று நிரல் நிற்கவே மறுத்தது.

நான்காம் படி: ரத்து செய்த வேலைகளும் விலகி முடியும்வரை காத்திருந்து, பதிவேட்டைக் கடைசியாக ஒருமுறை எழுதி, பிறகே வெளியேறுகிறோம்.

ஐந்தாம் படியே எல்லாவற்றிலும் முக்கியம். பழைய கோப்பின் மேலேயே எழுதுவதை விட்டுவிட்டோம். புதிய பெயரில் வேறொரு கோப்பை எழுதி, அது வட்டில் உண்மையாகவே பதிந்ததை எஃப்சிங்க் என்னும் கட்டளையால் உறுதி செய்து, அதன்பின் பெயரை மாற்றுகிறோம். யூனிக்ஸ் வழி வந்த முறைமைகளில் பெயர் மாற்றம் ஒரே செயலாக நடக்கும். அந்தப் பெயரில் தேடுபவர்க்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். பாதி கிடைக்காது.

முதல் நான்கு படிகள் இருக்கும்போது ஐந்தாவது எதற்கு என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. சிக்கில் வந்தால் கையாளிக்கு வேலையே இல்லை. மின்சாரம் நின்றால் மணிகூட அடிக்காது. மணி அடிக்கும் என்று நம்பி மட்டும் இருப்பவளுக்கு, மணி அடிக்காத நாளில் பாதுகாப்பு இல்லை.

பொறுமைக்கும் எல்லை உண்டு

"என் வேலை முடியட்டும்" என்று நிரல் எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ள முடியாது. சிக்டெர்ம் அனுப்பியவர் சிறிது நேரம் பொறுத்திருந்து, பிறகு சிக்கில் அனுப்பிவிடுவார். லினக்ஸில் பணிகளை மேற்பார்வையிடும் சிஸ்டம்டி வழக்கமாக 90 வினாடி பொறுக்கும். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் குபர்நெட்டீஸ் 30 வினாடியும், டாக்கர் லினக்ஸ் பெட்டகங்களுக்கு 10 வினாடியும் வழக்கமாகத் தரும். இவற்றை மாற்றி அமைக்கலாம் என்றாலும் எல்லை என்பது இருந்தே தீரும். எங்கள் ஐந்து வினாடி இவை எல்லாவற்றுக்கும் உட்பட்டது.

தேர்வு அறையில் எச்சரிக்கை மணி அடித்ததும் கெட்டிக்காரி புதிய வினாவைத் தொடங்குவதில்லை. எழுதிக்கொண்டிருப்பதை முடித்து, பக்க எண் இட்டு, தாள்களை நூலால் கட்டுகிறாள். கட்டாத தாள் காற்றில் பறந்தால் எழுதியதெல்லாம் வீண் அல்லவா?

சோதித்துப் பார்த்தோம்

திருத்திவிட்டோம் என்று சொல்வதில் பயன் இல்லை, காட்ட வேண்டும். ஆகவே ஒரு சனிக்கிழமை, பொய்ப் பெயர்களைக் கொண்ட ஒரு பதிவேட்டை வைத்து நிரலை ஓட்டினோம். கில் என்னும் கட்டளையால் 15 ஆம் எண் சமிக்ஞையை வெவ்வேறு நொடிகளில் அனுப்பினோம். சில முறை கோப்பு எழுதும் நடுவிலேயே வேண்டுமென்று அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் பதிவேட்டை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டோம். ஒரு வரியும் குறையவில்லை. பிறகு 9 ஆம் எண்ணையும் அனுப்பினோம். அப்போது கடைசிச் சில பதிவுகள் சேரவில்லை; ஆனால் முன்பு எழுதி வைத்த பதிவேடு முழுதாக, ஓர் எழுத்தும் அறுபடாமல் இருந்தது. ஐந்தாம் படியின் அருமை அன்றுதான் புரிந்தது.

சேராத அந்தச் சில பதிவுகளும் எங்களை உறுத்தின. அவை ஒவ்வொன்றும் ஒரு மாணவியின் பெயர் அல்லவா? ஆதலால் இப்போது ஒவ்வொரு பதிவையும், அது நடந்த உடனேயே, ஒரு தனி நாட்குறிப்புக் கோப்பின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்து, அது வட்டில் பதிந்த பிறகே மேசைக்கு "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் சொல்கிறோம். பதில் சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

முடிவாக

அந்த ஆறாம் வகுப்புத் தங்கையிடம் நாங்கள் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துக்கொண்டே, "இனிமேல் சரியாக இருக்குமா, அக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே நாங்கள் இத்தனையும் படித்தோம். அவள் பெயரை வாசித்த அதே வகுப்பில், தவறு எங்களுடையது என்பதையும் சிஸ்டரின் அனுமதியோடு சொன்னோம்.

வங்கியிலும் மருத்துவமனையிலும் இரயில் முன்பதிவிலும் இன்று நிரல்களே பதிவேடுகளை வைத்திருக்கின்றன. அவற்றுக்கும் என்றாவது ஒரு நாள், ஏதோ ஒரு வேலையின் நடுவில் மணி அடிக்கும். அந்த நொடியில் யாருடைய பெயர் பாதி எழுதப்பட்டிருக்கிறதோ, அவருக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நிரலை எழுதும் நாமே. மணியை மதிப்போம்; தொடங்கிய வரியையும் முடிப்போம்.

பயிற்சி வினாக்கள்

1. சிக்டெர்ம், சிக்கில் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

2. கையாளிக்குள் மாலாக், பிரின்ட்எஃப் போன்றவற்றை ஏன் அழைக்கக் கூடாது?

3. கொடியை மட்டும் நம்பினால் வரும் ஓட்டை யாது? குழாய் முறை அதை எவ்வாறு அடைக்கிறது?

4. மின்சாரம் திடீரென நின்றால் இக்கட்டுரையில் கூறிய படிகளுள் எது உதவும்? ஏன்?